குரல் தீர்த்த கடன்

கணக்கெழுதிப் பிழைப்பவனுக்கு உலகம் முழுவதும் ஒரு பேரேடாகத் தோன்றுவது இயல்பு. தோட்டத்து ஆபீசில் கிராணியாக அமர்ந்து, செக்ரோலும் சம்பளப் பட்டியலும் எழுதிக் காலங்கழிக்கும் எளியேனுக்கும் அவ்வியல்பு உண்டு. எதைப் படித்தாலும், எவர் வரலாற்றைக் கேட்டாலும், யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்னும் கேள்வியே முதலில் எழுகின்றது.

கடனில் இருவகை உண்டு. பிறன் தன் ஏட்டில் எழுதிக்கொண்டு நம் தலைமேல் ஏற்றும் கடன் ஒன்று. எந்த ஏட்டிலும் எழுதப்படாமல் நம் நெஞ்சே நம்மிடம் கேட்கும் கடன் மற்றொன்று. முன்னது பொய்யாயின் அதனை மறுப்பது மானம். பின்னதை மறவாது தீர்ப்பதும் மானமே. இவ்விரண்டையும் தெளிவாக அறிந்து வாழ்ந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகி அரேதா பிராங்க்ளின் அம்மையாரின் வரலாற்றையும், 1972-ஆம் ஆண்டில் இரண்டே இரவுகளில் ஒரு தேவாலயத்தில் உருவான அவருடைய சுவிசேஷ கீத இசைத்தட்டின் வரலாற்றையும் இங்கே சுருங்கக் கூற விழைகிறேன்.

ஏடு மறுக்கப்பட்டவர் பாட்டு

அமெரிக்காவின் தென்மாகாணங்களில் பருத்தியும் புகையிலையும் கரும்பும் விளைவித்தவர்கள், ஆப்பிரிக்காவினின்று விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமைகளும் அவர்தம் சந்ததியாருமே என்பதை யாவரும் அறிவர். அவர்களுக்கு எழுத்தறிவிப்பது அம்மாகாணங்கள் பலவற்றில் சட்ட விரோதமாக இருந்தது. ஏடு மறுக்கப்பட்ட அம்மக்கள் தங்கள் பக்தியையும், துயரத்தையும், விடுதலை வேட்கையையும் பாட்டிலே எழுதி வைத்தனர். புத்தகமில்லாத சபையில் ஒருவர் ஓரடியை எடுத்துச் சொல்லுவார். மற்றவர் அனைவரும் அதனை வாங்கி, மெல்ல நீட்டி, அசைதோறும் தம் மனத்தை ஏற்றிப் பாடுவர். இம்முறை இங்கிலாந்துச் சபைகளிலிருந்து வந்ததேயாயினும், கறுப்பின மக்களின் வாயில் புகுந்தபின் அது வேறொன்றாகிவிட்டது. அழைப்பவர் ஒருவர், மறுமொழி கூறுபவர் பலர் என்னும் இவ்வமைப்பே அவர்களுடைய வழிபாட்டின் உயிர்நாடி. வாசகர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும். பின்னர்க் கூறப்போகும் இசைத்தட்டின் பெருமை முழுவதும் இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது.

1865-ஆம் ஆண்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் நிலமில்லாத மக்கள் வாரத்துக்குப் பயிரிடும் குடியானவர்களாயினர். விதையும் கலப்பையும் உணவும் நிலக்காரரிடமோ அவருடைய கடையிலோ கடனாகப் பெற்று, அறுவடைக்குப்பின் கணக்குத் தீர்க்க வேண்டும். கணக்குப் புத்தகமோ நிலக்காரர் கையில். ஆண்டெல்லாம் உழைத்தவன் அறுவடை முடிவில் போய் நின்றால், இன்னும் இவ்வளவு நீ கொடுக்கவேண்டும் என்ற சொல்லையே பெரும்பாலும் கேட்டுத் திரும்பினான். கடைப்பற்றும் சம்பளப் பிடித்தமும் அறிந்த நம் தோட்ட மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய வாரக் குடும்பம் ஒன்றில் 1915-ல் மிசிசிப்பி மாகாணத்திற் பிறந்தவரே, அரேதாவின் தந்தையாகிய போதகர் சி. எல். பிராங்க்ளின்.

வீதிப் பாட்டும் சபைப் பாட்டும்

இன்று சுவிசேஷ கீதம் என்று வழங்கும் இசை மிகப் பழமையானதன்று. அதன் தந்தை எனப் போற்றப்படும் தாமஸ் டார்சி 1899-ல் ஜார்ஜியா மாகாணத்திற் பிறந்தவர். இளமையில் அவர் ‘புளூஸ்’ என்னும் சோகப் பாட்டுகளுக்குப் பியானோ வாசித்துக் கேளிக்கை இடங்களிற் பிழைத்தார். 1932-ல் அவர் வெளியூரில் இருந்தபோது மனைவி பிரசவத்தில் இறந்ததாகத் தந்தி வந்தது. பிறந்த குழந்தையும் விரைவில் இறந்தது. அத்துயரிலிருந்து பிறந்ததே ‘பிரெஷஸ் லார்டு’ என்னும் புகழ்பெற்ற கீதம். வீதியிற் கற்ற தாளத்தையும் நெளிவையும் சபைப் பாட்டில் இணைத்தார் டார்சி. போதகர் பலர் முதலில் முகஞ்சுளித்தனர். ஜனங்களோ தம் வாழ்க்கையின் ஓசையையே அதிற் கேட்டனர். சில ஆண்டுகளில் எதிர்ப்பு ஓய்ந்தது.

சபையின் இசை வேறு, சந்தையின் இசை வேறு என்ற வழக்கு அன்று தொடங்கியது. அது பின்னர் அரேதாவின் வாழ்க்கையிலும் வந்து நின்றது.

சிக்காகோவில் டார்சியின் கீதங்கள் முழங்கிய சபையிற் சிறுவனாகப் பாடி வளர்ந்தவர், 1931-ல் பிறந்த ஜேம்ஸ் கிளீவ்லண்டு. அவர் பிற்காலத்தில் பெரும் பாடகர் குழுக்களை அமைப்பதில் வல்லவரானார். 1963-ல் நியூ ஜெர்சி மாகாணத்தில், கூடியிருந்த சபையின் முன்னிலையிலேயே ஒரு பாடகர் குழுவோடு அவர் பதிவுசெய்த ‘பீஸ் பீ ஸ்டில்’ என்னும் இசைத்தட்டு, அவ்வழியில் மற்றவர்களுக்கு முன்மாதிரியாயிற்று. வழிபாட்டை அது நடக்கும் இடத்திலேயே பதிவுசெய்தால், பாடகர் மட்டுமன்றிச் சபையும் தட்டில் இடம்பெறும் என்பதை அது நாட்டியது.

தந்தையும் மகளும்

அரேதா 1942-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ந் தேதி மெம்பிஸ் நகரிற் பிறந்தார். குடும்பம் பின்னர் வடக்கே டெட்ராய்ட்டு நகரிற் குடியேறி, தந்தை அங்கே நியூ பெத்தேல் பாப்டிஸ்டு சபையின் போதகரானார். பிரசங்கத்தை உரையாகத் தொடங்கிப் பாட்டாக முடிக்கும் ஆற்றல் வாய்ந்தவர் அவர். அவருடைய பிரசங்கங்கள் இசைத்தட்டுகளாக விற்பனையாகி நாடெங்கும் பரவின. 1963 ஜூனில் டெட்ராய்ட்டில் நடைபெற்ற மாபெரும் உரிமைப் பேரணியை முன்னின்று நடத்தியவர்களுள் அவரும் ஒருவர். மார்ட்டின் லூதர் கிங் அதிற் கலந்துகொண்டு உரையாற்றினார்.

தாயார் தனியே பிரிந்து வாழ்ந்து, அரேதாவுக்குப் பத்து வயது நிறையுமுன் 1952-ல் இறந்துபோனார். தாயற்ற சிறுமிக்குச் சபையே தாயாயிற்று எனின் மிகையாகாது. மகேலியா ஜாக்சன், கிளாரா வார்டு முதலிய பெரும் பாடகியர் அவ்வீட்டுக்கு வந்துபோயினர். ஓர் இறுதிச் சடங்கில் கிளாரா வார்டு பாடக் கேட்டபோதே தாமும் பாடகியாவதெனத் துணிந்ததாக அரேதா பிற்காலத்திற் கூறியுள்ளார். இளைஞராயிருந்த ஜேம்ஸ் கிளீவ்லண்டு அச்சபையின் இசைப் பொறுப்பை ஏற்றிருந்த காலத்தில் அவளுக்குப் பியானோவில் வழிகாட்டினார். இசைக் குறிப்பைப் படிக்கப் பயிலாமல், காதாற் கேட்டே வாசிக்கக் கற்றாள் அப்பெண். 1956-ல், பதினான்கு வயதில், தந்தையின் சபையில் அவள் பாடிய பாட்டுகள் இசைத்தட்டாயின. அவற்றுள் ஒன்று ‘நெவர் குரோ ஓல்டு’, அதாவது மூப்பில்லா நாட்டைப் பற்றிய பழைய கீதம். இதனையும் வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

சந்தைக்குச் சென்ற குரல்

1960-ல் அரேதா கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு உலகியற் பாட்டுகளைப் பாடத் தொடங்கினார். சபையார் சிலர் குறை கூறினர். தந்தை மகளின் பக்கமே நின்றார். ஆறாண்டுகள் கழிந்தும் பெரும்புகழ் வாய்க்கவில்லை. பின்னர் அவர் அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறினார். அதன் தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் 1967 ஜனவரியில் அலபாமா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்த பதிவுக்கூடத்துக்கு அழைத்துச் சென்று, அவரையே பியானோவின் முன் அமரச் செய்தார். தேவாலயத்திற் கற்ற கையும் தேவாலயத்திற் கற்ற குரலும் ஒன்றுசேர்ந்தன. அதே ஆண்டில் ‘ரெஸ்பெக்ட்’ என்னும் பாட்டு நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

அப்பாட்டை எழுதி 1965-ல் முதலிற் பாடியவர் ஓட்டிஸ் ரெடிங். உழைத்து வீடு திரும்பும் ஆடவன் தன் மனையாளிடம் மரியாதை கேட்பதாக அது அமைந்திருந்தது. அரேதாவோ அதனைப் பெண் கேட்கும் மரியாதையாக மாற்றினார். கறுப்பின மக்கள் அதனைத் தங்கள் இனத்தின் குரலாகவே கொண்டனர். சுயமரியாதை என்னும் சொல்லின் பொருளை நாம் நூல்களிற் கற்றோம். அவர்கள் அதனை வானொலியிற் கேட்டனர். 1968 முதல் எட்டாண்டுகள் தொடர்ந்து கிராமி என்னும் இசைப் பரிசு அவரை வந்தடைந்தது.

இங்கே அவருடைய வழக்கம் ஒன்றைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. கச்சேரிக்குரிய கூலியை மேடையேறுமுன் ரொக்கமாகப் பெற்று, அப்பணத்தைக் கைப்பையிலிட்டு, அப்பையைத் தம் கண்ணிற் படும்படி மேடையிலேயே வைத்துக்கொள்வார். புகழின் உச்சியிலும் இதனைக் கைவிடவில்லை. இதனை விந்தையென்று எழுதிச் சிரித்தவர்களும் உண்டு. எளியேனுக்கு அஃது விந்தையாகத் தோன்றவில்லை. மூத்த கறுப்பினக் கலைஞர் பலர் பாடிய பாட்டுக்குக் கூலி பெறாது ஏமாற்றப்பட்டதை அவர் கண்டிருந்தார். நிலக்காரர் கையிலிருந்த கணக்குப் புத்தகத்தின் முன் கைகட்டி நின்ற குடியானவரின் பேத்தியும் அவர். பிறன் எழுதும் கணக்கை நம்பேன் என்று அக்கைப்பை மேடையிலிருந்து அறிவித்தது எனலாம்.

இரண்டு இரவுகள்

இவ்வாறு பொய்க்கடனை மறுத்தவர், மெய்க்கடனைத் தீர்த்த விதத்தைக் காண்போம்.

1972 ஜனவரியில் அவருக்கு வயது இருபத்தொன்பது. எந்த மேடையும் அவருக்குத் திறந்திருந்தது. அந்நிலையில் அவர், சிறுவயதிற் பாடிய சுவிசேஷ கீதங்களைப் பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட விரும்பினார். அதனைப் பதிவுக்கூடத்தில் அல்லாமல், உண்மையான தேவாலயத்தில், உண்மையான சபையின் முன் செய்யவேண்டுமென்பதே அவர் எண்ணம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் தென்பகுதியில், முன்னர்ச் சினிமாக் கொட்டகையாயிருந்து தேவாலயமாக மாறிய நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்டு சபை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1965-ல் முப்பத்துநான்கு உயிர்களைப் பலிகொண்ட வாட்ஸ் கலவரம் நிகழ்ந்த வட்டாரம் அப்பக்கமே.

பழைய ஆசிரியர் ஜேம்ஸ் கிளீவ்லண்டு தம் தென் கலிபோர்னியா பாடகர் குழுவோடு வந்தார். அக்குழுவை நெறிப்படுத்தியவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். பெர்னார்டு பர்டி முரசும், சக் ரெயினி தாழ்சுருதிக் கித்தாரும், கார்னெல் டுப்ரீ கித்தாரும் வாசித்தனர். உலகியற் பாட்டுகளுக்கு வாசித்த கைகளே இங்கும் வாசித்தன. வெளியே பதிவுக் கருவிகள் ஏற்றிய வண்டி நின்றது. ஜனவரி 13-ந் தேதி வியாழக்கிழமை இரவும், 14-ந் தேதி வெள்ளிக்கிழமை இரவும் பதிவு நடந்தது. இசைத்தட்டுக்காகக் கூடினும் இது வழிபாடே என்று கிளீவ்லண்டு சபையாருக்கு நினைவூட்டினார்.

அரேதா மேடையில் மிகச் சில சொற்களே பேசினார். பியானோவின் முன் அமர்ந்து, மார்வின் கே என்னும் பாடகர் முந்திய ஆண்டில் வெளியிட்ட ‘ஹோலி ஹோலி’ பாட்டைத் தொடங்கினார். டார்சியின் ‘பிரெஷஸ் லார்டு’ கீதத்தோடு, கரோல் கிங் எழுதிய நட்புப் பாட்டொன்றை இணைத்துப் பாடினார். நாற்பது ஆண்டுகளுக்குமுன் டார்சி சந்தையின் தாளத்தைச் சபைக்குள் கொணர்ந்தார். இப்பெண்மணி சந்தைப் பாட்டையே சபைக்குள் கொணர்ந்து கீதமாக்கினார். சபையார் முகஞ்சுளிக்கவில்லை, எழுந்து நின்று கைதட்டினர். அவர் ஓரடி பாடினால் குழு மறுமொழி கூறும். குழு கூறினால் சபை முழங்கும். சபையின் முழக்கம் மீண்டும் அவர் குரலை மேலே தூக்கும். பதிவுக்கூடத்தில் எத்துணைப் பணம் செலவிடினும் வாங்கமுடியாத துணைவாத்தியம் அச்சபையாரே.

முதலிரவில் இசைத்தட்டின் பெயராகவே அமைந்த ‘அமேசிங் கிரேஸ்’ கீதத்தை, அதாவது வியத்தகு கிருபையைப் பற்றிய பாட்டை, பத்து நிமிடங்களுக்கு மேலாகப் பாடினார். தாளத்தை ஏறத்தாழ முற்றும் விட்டு, ஒவ்வோர் அசையையும் பழைய சபையார் இழுத்துப் பாடியதுபோலவே இழுத்துப் பாடினார். பியானோ வாசித்துக்கொண்டிருந்த கிளீவ்லண்டு தாங்கமாட்டாமல் எழுந்துபோய் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அக்கீதத்தை எழுதியவர் யாவர் என்பதை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். ஜான் நியூட்டன் என்னும் ஆங்கிலேயர் அடிமைக் கப்பலின் தலைவர். 1748-ல் புயலிற் சிக்கிக் கடவுளை நினைந்தார். அதற்குப் பின்னரும் 1754 வரையில் அடிமைகளை ஏற்றி விற்றார். பின்பு குருவாகி, 1773-ஆம் ஆண்டுப் புத்தாண்டு வழிபாட்டுக்கென இக்கீதத்தை இயற்றினார். அவ்வாணிபத்தை வெளிப்படையாகக் கண்டித்து அவர் நூல் வெளியிட்டது 1788-ல்தான். மனந்திரும்பிய நாளுக்கும் வாய்திறந்த நாளுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்! பிரிட்டிஷ் நாடுகளில் 1834-ல் அடிமை முறை நீங்கியபின், கரும்புத் தோட்டங்களில் ஆட்குறை நிரப்ப நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. விற்றவன் எழுதிய பாட்டை விற்கப்பட்டவர் பேத்தி பாடினாள். எழுதியவன் தன் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டான். பாடியவளோ தன் மக்கள் கடந்துவந்த இடர்களை எண்ணிப் பார்த்தாள். சொற்கள் ஒன்றே, பொருள் பாடியவளுக்கே உரியதாயிற்று.

இரண்டாம் இரவில் கூட்டம் பெருகிற்று. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பாடகர் மிக் ஜாகர் பின்வரிசையில் நின்று கேட்டார். முன்வரிசையில் தந்தை பிராங்க்ளினும் கிளாரா வார்டும் அமர்ந்திருந்தனர். கிளாரா வார்டு எழுதிப் புகழ்பெற்ற ‘ஹவ் ஐ காட் ஓவர்’ கீதத்தையும் இப்பதிவில் மாணவி பாடினாள். தந்தை எழுந்து பேசுகையில், தம் மகள் சபையை விட்டு ஒருநாளும் நீங்கியதில்லை என்று கூறினார். பன்னிரண்டாண்டுப் பழிச்சொல்லுக்கு அஃதே மறுமொழி. மகள் பியானோவில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையில், அவர் எழுந்து சென்று அவள் முகத்து வியர்வையைத் துணியால் துடைத்துவிட்டார். அப்போது அவள் பாடியது, பதினான்கு வயதில் தந்தையின் சபையிற் பாடிய அதே ‘நெவர் குரோ ஓல்டு’.

கடன் தீர்க்கும் காலம் நெடிதில்லை என்பதைப் பின்னிகழ்ச்சிகள் காட்டின. அப்பதிவு முடிந்து இரு வாரங்களுக்குள், ஜனவரி 27-ந் தேதி, மகேலியா ஜாக்சன் காலமானார். சிக்காகோவில் நடந்த இறுதி வழிபாட்டில் அரேதாவே ‘பிரெஷஸ் லார்டு’ பாடினார். மறு ஆண்டு ஜனவரியில் கிளாரா வார்டும் மறைந்தார். ஓராண்டு தாமதித்திருந்தால் முன்வரிசையில் அவர் இருந்திருக்கமாட்டார்.

1972 ஜூனில் இரட்டைத் தட்டாக வெளிவந்த அப்பதிவு அமெரிக்காவில் மட்டும் இருபது இலட்சத்துக்கு மேல் விற்றது. அரேதாவின் இசைத்தட்டுகளுள் மிகுதியாக விற்றது அதுவே. தயாரிப்பாளர் பட்டியலில் வெக்ஸ்லர், ஆரிப் மார்டின் ஆகியோரோடு அரேதாவின் பெயரும் பொறிக்கப்பட்டது. கூலி பெறுபவராக மட்டுமன்றி, ஆக்கியோருள் ஒருவராகவும் அவர் அங்கே நின்றார்.

படச்சுருளின் வழக்கு

அவ்விரு இரவுகளையும் சிட்னி போலக் என்னும் சினிமா இயக்குநர் படம்பிடித்தார். காட்சியையும் ஒலியையும் பின்னர்ப் பொருத்துவதற்கு அடையாளமாக ஒவ்வொரு தொடக்கத்திலும் தட்டவேண்டிய பலகையைத் தட்டாமலே படம்பிடித்துவிட்டனர். வாயசைவையும் குரலையும் பொருத்த முடியாமற் போகவே, சுருள்கள் பல்லாண்டுகள் பெட்டியிற் கிடந்தன. போலக் 2008-ல் இறந்தார். ஆலன் எலியட் என்பவர் அவற்றைப் பெற்று, புதிய கணினி முறைகளால் ஒலியையும் காட்சியையும் இணைத்தார். ஆனால் அரேதா சம்மதிக்கவில்லை. 2011-ல் வழக்குத் தொடுத்தார். 2015-ல் ஒரு திரைப்பட விழாவில் அது காட்டப்பட இருந்தபோதும் நீதிமன்றத் தடை பெற்றார். 2018 ஆகஸ்டு 16-ந் தேதி அவர் காலமானார். குடும்பத்தார் இசையவே, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் படம் முதன்முறையாகத் திரையிடப்பட்டது.

அப்படம் அரிய செல்வம் என்பதில் ஐயமில்லை. மேலே கூறிய வியர்வை துடைத்த காட்சியை நாம் காண்பது அதனாலேயே. எனினும், உயிரோடிருந்தவரையில் உழைத்தவர் கூறிய ‘வேண்டாம்’ என்ற சொல்லையும் கணக்கில் எழுதி வைப்பதே நேர்மை. உழைப்பு என்னுடையது, அதனை எங்கே எவ்வாறு காட்டுவதென்பதை நானே முடிவு செய்வேன் என்ற அக்குரலும், மேடைமீதிருந்த கைப்பையின் குரலும் ஒன்றே. படத்தைக் கண்டு மகிழ்வோர் இதனையும் நினைத்தே மகிழ்தல் வேண்டும்.

முடிவுரை

எந்தக் குரலும் தனியே பிறப்பதில்லை. எழுத்து மறுக்கப்பட்ட முன்னோர், வாரக் கடனில் உழன்ற பாட்டனார், தந்தியைப் பெற்று அழுத டார்சி, பியானோவில் வழிகாட்டிய கிளீவ்லண்டு, பெயரறியாது கைதட்டிய சபையார் ஆகிய இத்தனை பேரும் சேர்ந்து கொடுத்த முதலே அரேதாவின் குரல். உலகம் அதற்கு விலை கொடுத்தது. விலையை அவர் எண்ணி வாங்கிக்கொண்டார். முதலை அதற்குரியோரிடம் கொண்டுபோய்ச் செலுத்தினார்.

நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு மறைந்தன. லயங்கள் இருந்த இடத்தில் மாடி வீடுகள் எழுந்தன. அங்கே கோயில் திண்ணையிலும், தமிழ்ப் பள்ளியிலும், திருவிழா மேடையிலும் குரல் பெற்று நகரஞ் சென்றோர் நம்மிடையே பலர். அவர்கள் தம் உழைப்புக்குரிய கூலியை ஒரு காசும் குறையாமல் கேட்டு வாங்கட்டும். அஃது அவர்கள் உரிமை. முன்வரிசையில் அமரவேண்டியவர்கள் உயிரோடிருக்கும்போதே ஒருமுறை திரும்பி வந்து பாடட்டும். எந்தக் கிராணியின் ஏட்டிலும் ஏறாத அக்கடனைக் கேட்டுப் பெற ஆளில்லை. கொடுக்க வேண்டியவரே நினைவுகூர்ந்து கொடுத்தாலன்றி அது தீராது.